பழைய கார்களும் ஏறுகின்ற விலையும்

பழம்பொருளைப் பேணுதல் நம்மவர்க்குப் புதியதன்று. பாட்டியின் அட்டியலைப் பெட்டகத்திலும் பாட்டனார் பெற்ற நற்சான்றிதழைச் சுவரிலும் வைத்துக் காத்து வருகின்றோம். அண்மைக் காலத்திலோ, வீட்டின் பின்புறத்துத் தகரக் கொட்டகையிலே சக்கரங்கள் மண்ணிற் புதையக் கிடக்கும் பழைய மோட்டார்க் காரையும் அவ்வாறே காத்தல் வேண்டும் என்றும், காப்பின் அது பொன்னைப்போல் ஆண்டுக்காண்டு விலையேறும் என்றும் ஒரு கொள்கை பரவியிருக்கின்றது. பிரித்தானிய நாட்டில் ஆக்கப்பெற்ற கார்களைக் குறித்து, சிறப்பாக இருவர் அமர்ந்து விரைந்து செல்லுதற்கென்றே ஆக்கப்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார்களைக் குறித்து, இக்கொள்கை மிகுதியும் பேசப்படுகின்றது. கொழும்பிலிருந்து வரும் தரகர் கந்தப்பளை, இராகலை, உடப்புசல்லாவை என ஊரூராகச் சென்று, பழைய கார் எவரிடத்தேனும் உண்டோ என உசாவுகின்றனர். மறுபுறத்தில், தோட்ட உத்தியோகத்திலிருந்து இளைப்பாறி ஊழியர் சேமலாப நிதியைக் கையிற் பெற்ற நம் பழைய மாணவர் சிலர், அப்பணத்தை வங்கியில் இடுவதினும் ஒரு பழைய எம். ஜி. காரில் இடுதல் நன்றன்றோ என வினவத் தொடங்கியுள்ளனர்.

தமிழாசிரியனுக்கு மோட்டார்க் காரிலே என்ன வேலை என்று கேட்பாரும் உளர். பனியிலும் மழையிலும் முப்பதாண்டு உழைத்துச் சேர்த்த பணம் எவ்வழியே போகின்றது என்பது யாவர்க்கும் உரிய கேள்வியேயாம். அன்றியும், 'விலை', 'பெறுமதி' என நாம் வழங்கும் இரு சொற்களையும் மக்கள் ஒன்றெனக் கொண்டு மயங்குமிடத்து, அவற்றைப் பிரித்துக் காட்டுதல் தமிழாசிரியன் தொழிலுக்குப் புறம்பானதன்று. என் கருத்தை முதற்கண்ணே கூறிவிடுகின்றேன். பழைய பிரித்தானியக் கார்களின் விலை நம் நாட்டில் ஏறியிருத்தல் உண்மையே. ஆயினும் அவ்வேற்றத்தின் பெரும்பகுதி நம் ரூபாய் தேய்ந்தமையாலும் துறைமுக வாயில் அடைபட்டமையாலும் வந்தது. அவ்விரண்டையும் கழித்துப் பார்ப்பின் எஞ்சுவது சிறிது. அச்சிறிதும் எல்லாக் கார்களுக்கும் கிடைப்பதன்று.

மலைநாட்டுக்கும் இக்கார்களுக்கும் உள்ள தொடர்பு நெடியது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை சென்ற ஒடுங்கிய இருப்புப்பாதை 1903, 1904 ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டது. உடப்புசல்லாவைப் பாதை என்பதே அதன் பெயர். தேயிலைப் பெட்டியும் உரமும் சுமந்த அச்சிறிய ரயில், லொறியோடும் பஸ்ஸோடும் போட்டியிட மாட்டாது 1940 களில் மறைந்தது. தெருவழி வென்றது. வளைந்து வளைந்து ஏறும் அத்தெருக்களிலே ஓட்டுதற்கு இளந்துரைமார் சிறிய, உறுதியான, விரைவுமிக்க வண்டிகளை விரும்பினர். நுவரெலியாவுக்கு அண்மையில் மககஸ்தோட்டை மலையேற்றக் காரோட்டப் போட்டி 1934 இலே தொடங்கிற்று. றதல்லையிலும் அத்தகைய போட்டி பின்னர் நிகழலாயிற்று. சித்திரை மாதத்திலே அப்போட்டிகளைக் காணச் சென்றோர் இம்மலரைப் படிப்போருள்ளும் பலராவர்.

எம். ஜி. என்பது 'மொறிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம். ஒக்ஸ்போட் நகரிலே கார் விற்ற ஒரு கடையின் பெயர் அது. 1929 முதல் 1980 வரை அபிங்டன் என்னும் ஊரில் அக்கார்கள் ஆக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1945 முதல் 1949 வரை வெளிவந்த 'டீ. சீ.' வகையில் ஏறத்தாழ 10,000 கார்களே ஆக்கப்பட்டன. அதன் உடல் தகட்டினால் மூடப்பெற்ற மரச்சட்டத்தாலாயது என்பதை இங்கே குறித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் இதனைப் பற்றிப் பேச நேரும்.

1975 இல் ஸ்டேர்லிங் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதற்கு முன்னரே துரைமார் பலர் தம் நாடு திரும்பிவிட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற எம். ஜி., ஒஸ்டின், மொறிஸ், ட்ரயம்ப் வண்டிகள் பெரிய கிளாக்கர், டீமேக்கர், வைத்திய உத்தியோகத்தர், நகரத்து முதலாளி ஆகியோர் கைக்கு வந்தன. அந்நாளில் அவற்றைக் 'கிளாசிக்' என எவரும் அழைத்திலர். பிரசவ வேதனையிலிருந்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவும், மாப்பிள்ளை அழைப்புக்குப் பூமாலை கட்டி ஓட்டவும், மழைக்காலத்தில் மரக்கறி மூடை ஏற்றவும் அவை பயன்பட்டன. உதிரிப்பாகம் கிடையாத காலத்தில் வண்டி ஓடுதல் ஒன்றே நோக்கமாயிற்று. ஆதலின் பலவற்றில் யப்பானிய எஞ்சின் ஏறிற்று, இருக்கை மாறிற்று, விளக்கு மாறிற்று. அப்படி மாற்றி ஓட்டியவரை இன்று குறை கூறுவார் கூற்று எனக்கு உடன்பாடன்று. ஓடாத வண்டியைப் பழைய உருவிலே வைத்துப் பூசிக்க அவர்களுக்கு வசதி இருந்ததில்லை. ஆயினும், சேகரிப்போர் சந்தையிலே எஞ்சின் மாறிய காருக்கு மாறாத காரின் விலை கிடையாது என்பதை அறிதல் வேண்டும்.

பழைய கார்கள் அருகியதற்குத் துருவும் முதுமையும் மாத்திரம் காரணமல்ல. 1983 யூலையில் நுவரெலியா நகரம் எரிந்தபோது கடைகளோடு வண்டிகளும் எரிந்தன. 'இத்தீவில் எஞ்சியவை சிலவே' என விளம்பரக்காரர் பெருமையோடு எழுதும்போது, அவை ஏன் சிலவாயின என்பதும் நம்மவர் நெஞ்சில் எழாமற் போகாது. இலக்கத் தகடும் இந்நாளில் விலைபேசப்படுகின்றது. 1957 இல் புதிய வண்டிகளின் தகட்டிலே சிங்கள 'ஸ்ரீ' எழுத்து புகுத்தப்பட்டதும், அதனை எதிர்த்துத் தமிழர் நடத்திய இயக்கமும், 1958 ஆம் ஆண்டுக் கலவரமும் வரலாறு. அத்தகட்டையே இன்று பழமைச் சின்னமெனக் கொண்டாடி, அதன் பொருட்டு அதிகப் பணம் கொடுப்பாரும் உளர். அதற்கும் முந்திய ஆங்கில எழுத்துத் தகடும், முதற் பதிவுப் புத்தகமும் ஒருங்கே உடைய காருக்கோ மதிப்பு இன்னும் மிகுதி.

நிற்க. விலை ஏறிய விதத்தை இனி ஆராய்வோம்.

1960 களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி பெரிதும் ஒடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரைப் பதிற்றாண்டு அந்நிலை நீடித்தது. புதுக் கார் வாராத நாட்டிலே பழைய கார் பழையதாவதில்லை. அதன் உடைமையாளன் விரும்பிய விலையைக் கேட்பான். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் யப்பானிய வண்டிகள் பெருகி வந்தன. எரிபொருளைக் குறைவாகக் குடிப்பனவும், காலையில் முதல் முறுக்கிலேயே உயிர்பெறுவனவுமாகிய அவற்றின் முன்னே, மலைக்குளிரிலே கைப்பிடி போட்டுச் சுழற்றவேண்டிய ஒஸ்டினும் மொறிஸும் மதிப்பிழந்தன. வாயில் அடைபட்டிருந்த காலத்திலே மதில்போல் நின்ற விலை, வாயில் திறந்ததும் சரிந்தது.

இவ்வரலாறு நம் காலத்தில் மீண்டும் நிகழ்ந்தது. 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அவ்வாயில் 2025 பெப்ருவரியிலேதான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டில், வாங்கிய விலைக்கு மேலாகத் தம் பழைய யப்பானியச் சிறு காரை விற்றவர் ஒவ்வொரு நகரத்திலும் உளர். சாதாரண வண்டிக்கே இங்ஙனமாயின், அழகும் பழமையும் உடைய எம். ஜி. காருக்குக் கேட்க வேண்டுமோ? ஆயினும் அவ்வேற்றத்தைக் கண்டு, 'ஆங்கிலக் காரின் மகிமை இது' என முடிவு செய்தல் தவறு. யப்பானியச் சிறு காருக்கும் அதே மகிமை வந்ததன்றோ? திறந்த பின்னரும் விலைகள் பெரிதும் இறங்காமைக்குக் காரணம் புது வண்டிகள்மீது விதிக்கப்பட்ட கடுமையான வரியேயாம். வரி நாளை கூடலாம், குறையலாம். காரின் அழகோடு அதற்குத் தொடர்பில்லை.

ரூபாய் தேய்ந்ததை ஒரு கணக்கினாற் காட்டுகின்றேன். கணித ஆசிரியர் பொறுத்தருள்க. 1955 இல் ஒருவர் 10,000 ரூபாய் கொடுத்துக் கார் வாங்கினார் என்றும், அவர் பேரன் அதனை இன்று 30 இலட்சம் ரூபாய்க்கு விற்கின்றான் என்றும் வைத்துக்கொள்வோம். முந்நூறு மடங்கு! கேட்பவர் வாய் பிளப்பர். ஆனால் 1955 இல் ஓர் அமெரிக்க டொலரின் விலை 4 ரூபாய் 76 சதம். ஆகவே பாட்டனார் கொடுத்தது ஏறத்தாழ 2,100 டொலர். டொலர் 300 ரூபாய் அளவில் நிற்கும் இக்காலத்தில் பேரன் பெறுவது 10,000 டொலர். முந்நூறு மடங்கு இப்போது ஐந்து மடங்குக்கும் குறைந்துவிட்டது. அதுவும் முடிவன்று. டொலரும் தேய்ந்திருக்கின்றது, 1955 இல் ஒரு டொலர் வாங்கிய பொருளை இன்று வாங்குதற்கு ஏறத்தாழ 12 டொலர் வேண்டும். அவ்வாறாயின் பாட்டனார் கொடுத்த 2,100 டொலர் இக்காலத்து 25,000 டொலருக்குச் சமம். பேரன் பெற்றதோ 10,000. முந்நூறு மடங்கு ஏறிற்று என மகிழ்ந்த கார், உண்மையிலே பாதிக்கு மேல் தேய்ந்திருக்கின்றது. எழுபதாண்டு டயரும், பெயின்டும், கராஜ் கூலியும் இக்கணக்கிற் சேர்க்கப்படவில்லை. நேர்மை பற்றி மற்றொன்றும் சொல்லுதல் வேண்டும்: அக்குடும்பத்தார் அக்காரில் எழுபதாண்டு ஏறிச்சென்ற பயனும் இக்கணக்கில் இல்லை. காரின் பெறுமதி என்பது பெரும்பாலும் அப்பயனிலேதான் இருக்கின்றது; விலை வேறு.

பழைய காரைப் பொன்னெனக் கருதும் எண்ணம் 2022 க்குப் பின் ஏன் வலுப்பெற்றது என்பதும் விளங்காததன்று. அவ்வாண்டில் டொலர் சில கிழமைகளுக்குள் 200 ரூபாயிலிருந்து 350 ரூபாய்க்கு மேல் தாவிற்று. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை அணுகிற்று. நிலையான வைப்புக்கு வங்கிகள் 20 சதவீதத்துக்கு மேலும் வட்டி கொடுத்த காலம் அது. பின்னர் வட்டி பத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. ஒருமுறை தம் சேமிப்பின் பாதி காற்றிற் கரையக் கண்ட மக்கள், கையால் தொடத்தக்க பொருளொன்றைத் தேடுதல் இயல்பே. அவர்கள் அச்சத்தை யான் இகழேன். அவ்வச்சத்தைத் தரகர் பயன்படுத்துவதையே கண்டிக்கின்றேன்.

'இலங்கைச் சந்தை சிறிது; இங்கிலாந்தைப் பாரும்' என்பர். பார்ப்போம். ஜாகுவார் கம்பனியார் 1988 இல் பர்மிங்காம் மோட்டார்க் காட்சியில் 'எக்ஸ். ஜே. 220' என்னும் காரைக் காட்டினர். செல்வர் பலர் 50,000 பவுண் முற்பணம் கட்டி வரிசையில் நின்றனர். அறிவிக்கப்பட்ட விலை வரி நீங்கலாக 290,000 பவுண். அக்காலம் பழைய கார்களின் விலை வெறிகொண்டு ஏறிய காலம். கார் கைக்கு வருமுன்னரே அதனை இலாபத்துக்கு விற்றுவிடலாம் என எண்ணி வரிசையில் நின்றோரும் அவருட் பலர். 1990 இன் பின் பொருளாதாரம் தளர்ந்தது. பழைய கார்ச் சந்தை சரிந்தது. காட்சியிலே பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினோடு தோன்றிய கார், ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வந்தது. முற்பணம் கட்டியோர் வாங்க மறுத்தனர், வழக்காடினர், விடுபடுவதற்கே பணம் கொடுத்தோரும் உளர். 300 க்கும் குறைந்த கார்களே ஆக்கப்பட்டு, விற்ற விலையிற் பாதிக்கும் கீழே பல ஆண்டு கிடந்தன. தம் முதல் விலையை அவை மீண்டும் எட்டியது அண்மை ஆண்டுகளிலேதான். இடையிற் கழிந்த முப்பதாண்டின் பணவீக்கத்தை யார் ஈடுசெய்வர்?

அதே காலத்தில், அதே நாட்டில், மக்லாரன் கம்பனியார் 'எஃப். 1' என்னும் காரை ஆக்கினர். விலை ஐந்து இலட்சம் பவுணுக்கு மேல். அதுவும் எண்ணிய அளவுக்கு விலைபோகவில்லை. 1998 வரையில் எல்லாமாக 106 கார்களே ஆக்கப்பட்டன. 2021 ஓகஸ்டில் கலிபோர்னியாவில் நடந்த ஏலத்தில் அவற்றுள் ஒன்று இரண்டு கோடி டொலருக்கு மேற் பெற்றது. இவ்விரண்டாங் கதையை மாத்திரம் தரகர் சொல்லுவர். முதற் கதையை விட்டுவிடுவர். 1992 இல் எந்த மனிதன் இரண்டு கார்களையும் அருகருகே வைத்துப் பார்த்து, இது சரியும், அது ஏறும் எனத் துணிந்து கூறியிருப்பான்?

தேயிலை நாட்டாருக்கு இதனை விளக்குதல் எளிது. கொழும்பில் 1883 முதல் தேயிலை ஏலம் நடைபெறுகின்றது. யூலை முதல் செப்டெம்பர் வரை வரண்ட காற்று வீசும்போது நம் பகுதித் தேயிலைக்கு மணமும் விலையும் கூடும். ஒரு கிழமையில் நம் தோட்டத்து பீ. ஓ. பி. உச்ச விலை பெற்றது என்பதனால், கழிவுத் தேயிலைக்கும் அவ்விலை கிடைக்கும் என்று எந்த டீமேக்கரும் நம்பமாட்டார். கார் ஏலச் செய்தியைப் படிக்கும்போது மாத்திரம் அத்தெளிவு எங்கே போகின்றதோ, அறியேன்.

எண்ணிக்கையும் கவனிக்கத்தக்கது. 1962 முதல் 1980 வரை வந்த எம். ஜி. 'பீ' வகையில் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் ஆக்கப்பட்டன. 1988 முதல் அதன் முழு உடலையும் பழைய அச்சிலேயே புதிதாக அடித்து விற்கின்றனர். வேண்டும்போது புது உடல் செய்துகொள்ளத்தக்க பொருள் அரும்பொருளாகுமோ? ஓட்டி மகிழ்தற்கு அது சிறந்த கார். பாகங்கள் எளிதிற் கிடைப்பதும் அதனால்தான். ஆனால் ஓட்டுதற்கு நல்ல கார் வேறு, விலையேற்றத்துக்கு உரிய கார் வேறு. 1961 இல் ஜெனீவாவில் அறிமுகமாகிய ஜாகுவாரின் 'ஈ' வகை 70,000 க்கு மேல் ஆக்கப்பட்டது. 2010 களின் நடுவில் உச்சந் தொட்ட அதன் விலையும் பின்னர் இறங்கிற்று. 1963 முதல் 1965 வரை ஆயிரத்துக்குச் சற்றே மேலாக ஆக்கப்பெற்ற அஸ்டன் மார்ட்டின் 'டீ. பீ. 5', சினிமாவின் துணையும் பெற்று, உயர்ந்தே நிற்கின்றது.

அண்மைக்காலக் 'கிளாசிக்' எனப்படும் 1990 களின் வண்டிகளைப் பற்றி நீளப் பேசவேண்டியதில்லை. 1996 இன் லோட்டஸ் 'எலீஸ்' இலேசான, அழகிய வண்டி, மதிப்புப் பெற்றுவருகின்றது. எனினும் இவ்வண்டிகளில் மின்னணுப் பெட்டிகள் புகுந்துவிட்டன. பழுதான இரும்பைப் பட்டறையில் அடித்துச் செய்யலாம். பழுதான மின்னணுப் பெட்டியை ஆக்கிய கம்பனியே இல்லாதபோது என் செய்வது? ரீ. வீ. ஆர். கம்பனி 2006 இல் ஆக்கத்தை நிறுத்திற்று; எம். ஜி. றோவர் 2005 இல் வீழ்ந்தது. இன்று எம். ஜி. என்னும் பெயரும் லோட்டஸும் சீனர் உடைமை. ஜாகுவாரை 2008 இல் இந்தியாவின் டாட்டா கம்பனி வாங்கிற்று. பத்தாம் வகுப்பு மாணவனிடம் எம். ஜி. என்றால் என்ன என்று கேளுங்கள். சீனாவிலிருந்து வரும் உயர்ந்த ஜீப் போன்ற வண்டி என்பான். இவ்விடையில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. இளமையிலே தெருவோரத்தில் நின்று வாய்திறந்து பார்த்த காரையே மனிதர் முதுமையிலே பணம் கொடுத்து வாங்குகின்றனர். 1950 களில் எம். ஜி. காரைப் பார்த்து ஏங்கிய சிறுவர் இன்று எண்பதைக் கடந்தவர். அவருக்குப்பின் அதே ஏக்கத்தோடு வாங்குவார் யாவர்? விலையேற்றம் நிலைக்குமோ என்னும் வினாவுக்கு, யான் கண்டவரையில், மிகக் கடினமான பகுதி இதுவே. சேகரிப்போர் பேசுவது குதிரைவலுவைப் பற்றி. விலையை நிறுத்தியிருப்பது நினைவு.

அன்றியும் இங்கிலாந்து விலை நமக்கு உரியதன்று. அங்கே பயணிகள் கார் விற்ற இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. அதனாற் செல்வர் விரும்பி வாங்குவர். இங்கோ, பழைய வண்டிகளை இறக்குவதற்கு வயதெல்லை உண்டு; மிகப் பழையனவற்றை வெளியே அனுப்புவதற்கு உத்தரவுப் பத்திரம் வேண்டும். உள்ளே வராது, வெளியே போகாது நிற்கும் குளத்து நீர்போன்றது நம் சந்தை. அதில் வாங்குவார் கொழும்பிலும் கண்டியிலும் உள்ள சிறு கூட்டத்தார். அவருட் சிலருக்கு வாணிகம் தளர்ந்தால், உமது காருக்குக் கேட்பாரில்லை. பொன்னை உடப்புசல்லாவைக் கடைத்தெருவிலே அரை மணியில் விற்கலாம். காரை விற்க அரை ஆண்டு வேண்டும். மகளின் கலியாணமோ, நெஞ்சு வைத்தியமோ அரை ஆண்டு பொறுக்குமோ?

மலைநாட்டு மூடுபனி காருக்குப் பகை. முன்னர்ச் சொன்ன மரச்சட்டம் ஈரத்தை உறிஞ்சி உள்ளே உளுத்துப்போகும். வெளியே பூசிய பெயின்ட் பளபளக்கும். கதவைத் திறந்து, கைகொடுத்து மேலே தூக்கிப் பார்த்தால் அசைவு தெரியும். அசையும் கதவு அதிகச் செலவுக்கு அறிகுறி. ஈயங் கலந்த பெற்றோல் 2002 இல் நம் நாட்டில் நின்றபின், பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் தேய்தலும் உண்டு. அதனை முன்பே மாற்றியுள்ளனரோ எனக் கேட்டறிதல் வேண்டும். ஓட்டாது மூடிவைத்த கார் பாதுகாப்பாயிருக்கும் என்பது மற்றொரு மயக்கம். பிரேக் இறுகும், எண்ணெய் முத்திரைகள் காய்ந்து வெடிக்கும், எலி மின்கம்பியைத் தின்னும். எலிக்குக் கிளாசிக் என்றும் நவீனம் என்றும் வேற்றுமை இல்லை.

இவ்வளவும் கூறியதனால், தந்தையார் விட்டுச்சென்ற காரைத் தரகர் கேட்ட விலைக்கு உடனே தள்ளிவிடுங்கள் என்று கொள்ளற்க. அவ்வாறு தள்ளுவதே இம்மலைநாட்டில் நிகழும் பெரிய இழப்பு என்பேன். வாங்குவார்க்கு நான் கூறும் எச்சரிக்கையும், வைத்திருப்பார்க்குக் கூறும் எச்சரிக்கையும் எதிரெதிரானவை. வாங்குவாரே, சேமலாப நிதியிலே தொடாதீர்கள். இழந்தாலும் உறக்கம் கெடாத பணம் உண்டாயின் உமது விருப்பம். வைத்திருப்பாரே, விற்கத்தான் வேண்டுமெனில் முதலிலே பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். அதில் எழுதப்பெற்ற எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளனவோ என ஒப்பிடுங்கள். மாற்றி வைத்த பழைய எஞ்சின் கோழிக்கூட்டுக்குப் பின்னே கிடந்தால், அதனைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடாதீர்கள். காரோடு அது சேர்ந்திருத்தல் விலையைப் பெரிதும் கூட்டும். துரையின் காலத்துப் படமோ, கராஜ் பற்றுச்சீட்டோ இருப்பின் ஒரு கோப்பிலே சேர்த்துவையுங்கள். ஒருவர் விலை கேட்டவுடன் இன்னும் இருவரிடம் கேளுங்கள். 'பத்திரமில்லாத பழைய இரும்பு' என்று சொல்லி மலையிலிருந்து இறக்கிய காரே, கொழும்பிலே 'தோட்டத்துரையின் அரிய கார்' ஆகிவிடுகின்றது. அப்பெயர் மாற்றத்தின் இலாபம் உரியவர்க்கு வருதல் நீதி.

காரின் விலை நிலையாதெனினும், அதனைப் பழுதுபார்க்கும் கைத்தொழிலின் விலை குறைவதற்கு அறிகுறி ஒன்றும் எனக்குப் புலப்படவில்லை. 1990 களில் நம் நாட்டின் காலி நகரத்திலே மொறிஸ் மைனர் காருக்குரிய தகட்டுப் பாகங்களை அடித்துச் செய்து, இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையத்துக்கு அனுப்பினர். ஆக்கிய நாட்டிலே நின்றுபோன பாகத்தை, அக்காரை ஓட்டிய நாட்டார் செய்து திருப்பி அனுப்பினர் என்பது வியக்கத்தக்கது. அத்தகைய டிங்கர் வேலையும் வெல்டிங் வேலையும் தெரிந்தோர் ஹற்றனிலும் நுவரெலியாவிலும் வலப்பனையிலும் இன்னும் உளர். எஸ். யூ. காபரேற்றர் இரண்டையும் காதால் கேட்டே ஒத்திசைக்க வல்லவர் அவருட் சிலர். எழுத்தறிவு குறைந்த அம்முதியோரிடத்தில் உள்ள வித்தை எந்தப் பாடநூலிலும் முழுமையாக இல்லை.

நம் பாடசாலைகளில் உயர்தரத்துக்கு 2013 முதல் தொழில்நுட்பப் பிரிவு உண்டு. அப்பிரிவு மாணவர் மோட்டாரைப் படத்திலே பார்க்கின்றனர். பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா ஆண்டிலே, ஓடாது கிடக்கும் மொறிஸ் மைனர் ஒன்றை எவரிடமேனும் தானமாகப் பெற்று, கல்லூரி வளவிலே ஒரு கொட்டகை அமைத்து, சனிக்கிழமை தோறும் அம்முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்துக் கற்பிக்கச் செய்யலாம். பழைய மொறிஸ் மைனரின் எஞ்சினைக் கழற்றிப் பூட்ட அதிக ஆயுதம் வேண்டியதில்லை. ஸ்பானர் செட் ஒன்றும், ஜாக்கி ஒன்றும், எஞ்சினைத் தூக்குதற்குச் சங்கிலிக் கப்பி ஒன்றும், பொறுமையும் வேண்டும். அவருக்குரிய கூலியைச் சங்கம் கொடுத்தல் வேண்டும். இலவசமாக வரும்படி கேட்டல் ஆகாது. செயற்குழு கூடும் நாளுக்கு முன் இதனை எழுத்திலே தருவதாக எண்ணியுள்ளேன். கொட்டகைக்குத் தகரமும் மரமும் தரவல்ல பழைய மாணவர் செயலாளருக்கு அறிவிப்பாராக.